கடல்மேல் ஒரு கோடு

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெருவிலே, மருதமுனையின் தறியோசையைக் கடந்து சற்று வடக்கே சென்றால் பெரியநீலாவணை வரும். அம்பாறை மாவட்டத்தின் வடக்கு எல்லையில் அமைந்த ஊர் அது. கிழக்கே கடல். அக்கரையில் வாழும் மீனவனுக்கும் நெசவாளிக்கும் ஆசிரியனுக்கும் சூரியன் கடலுக்குள்ளிருந்தே எழுகின்றது. விடிவெள்ளியைக் கண்டு தோணி தள்ளுவதும், கிழக்கு வெளுப்பதைக் கண்டு சுபஹுத் தொழுகைக்கு எழுவதும் அங்கே மணிக்கூடு வருவதற்கு முன்பிருந்தே நிலவிவந்த வழக்கங்கள்.

அந்தக் கரையிலிருந்து நேர் கிழக்கே ஏறக்குறைய 75 கிலோமீற்றர் தொலைவில், கடலின்மேல் ஒரு கோடு ஓடுகின்றது. அதனைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். ஆயினும் இலங்கையின் பாடசாலை மணியும், ஆலைச் சங்கும், புகையிரத நேரசூசியும், வானொலிச் செய்தியும் அந்தக் கோட்டுக்கே கட்டுப்பட்டு நடக்கின்றன. கிழக்கு நெட்டாங்கு 82 பாகை 30 கலை என்பது அதன் பெயர். நமது தீவின் கிழக்கு அந்தமாகிய சங்கமன்கண்டி முனையும் இதே அம்பாறை மாவட்டத்தில்தான் இருக்கின்றது. அம்முனைகூட 82 பாகையைத் தொடவில்லை. ஆகவே, நம் நாட்டவர் ஒருவரேனும் குடியிருக்காத ஓரிடத்தின் நேரத்தை நாமெல்லோரும் நமது நேரமாகக் கொண்டிருக்கின்றோம்.

இந்த நிலை எவ்வாறு ஏற்பட்டது? அந்தக் கோட்டை அங்கே இட்டவர் யார்? எவருடைய தேவைக்காக இட்டனர்? பாடநூலிலே அகலாங்கும் நெட்டாங்கும் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. மாணவன் மனனம் செய்கின்றான், பரீட்சையில் எழுதுகின்றான், மறந்துவிடுகின்றான். அக்கோடுகளுக்குப் பின்னாலே மனித உழைப்பும், போட்டியும், ஆதிக்கமும் கலந்த ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை.

முதலில் அகலாங்கை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தார் இதனை அட்சரேகை என்பர். பூமி ஓர் அச்சைப் பற்றிச் சுழல்கின்றது. அந்த அச்சின் இரு முனைகளுக்கும் நடுவே மத்தியகோடு அமைகின்றது. இதனை எந்த அரசும் சட்டமியற்றி ஏற்படுத்தவில்லை. எந்த அரசாலும் இதனை நகர்த்தவும் இயலாது. பெரியநீலாவணை மத்தியகோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7½ பாகையில் இருக்கின்றது. ஆதலின், வானம் தெளிந்த இரவிலே அங்கிருந்து துருவ நட்சத்திரத்தைத் தேடினால், அது அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 7½ பாகை உயரத்தில் மங்கலாகத் தெரியும். கையை முன்னே நீட்டி நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

விரலைச் சொன்னது வெறும் உவமைக்காகவன்று. அராபிய மாலுமிகள் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை விரல் கணக்கிலேயே அளந்தனர். ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவிலே ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லிற் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு நட்சத்திரத்தையும் தொடுமாறு பிடித்தால், கப்பல் எந்த அகலாங்கில் நிற்கின்றது என்பது தெரிந்துவிடும். கமால் என்று இதற்குப் பெயர். சோழமண்டலக் கரையின் மாலுமிகளும் இத்தகைய பலகையையும் முடிச்சுக் கயிற்றையும் கையாண்டமை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றது. எழுத்தறியாத கடலோடிகளின் கையிலே அகலாங்கு வாழ்ந்தது.

நெட்டாங்கின் கதை வேறு. தீர்க்கரேகை என்பதும் இதுவே. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. அதாவது ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். பெரியநீலாவணையில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய 8 நிமிடம் கழிந்த பின்னரே கொழும்பில் உச்சிக்கு வருகின்றது. இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள நெட்டாங்கு வேறுபாடு ஏறக்குறைய 2 பாகை என்பதே அதன் பொருள். நோன்பு துறக்கும் வேளை கிழக்குக் கரையிலே கொழும்புக்கு முந்தி வருவதும் பெரிதும் இதனாலேயே. எனவே நெட்டாங்கு என்பது நேரமே. ஓரிடத்தின் நேரத்தையும் இன்னோரிடத்தின் நேரத்தையும் ஒரே கணத்தில் ஒப்பிட முடிந்தால் நெட்டாங்கு கிடைத்துவிடும்.

ஆனால் தந்தியும் வானொலியும் இல்லாத காலத்தில் ஒரே கணத்தை இரண்டு ஊரார் எவ்வாறு அறிவது? வானத்திலே நிகழ்வது எல்லோருக்கும் பொதுவன்றோ! 997ஆம் ஆண்டிலே ஒரு சந்திர கிரகணத்தை மத்திய ஆசியாவின் காத் நகரிலிருந்து அல்பிரூனி என்ற இளைஞரும், பக்தாதிலிருந்து அபுல் வஃபா என்ற முதிய அறிஞரும் முன்னேற்பாட்டுடன் அவதானித்தனர். கிரகணம் ஒன்று, அவரவர் ஊரின் நேரம் வேறு. அந்த வேறுபாட்டிலிருந்து இரு நகரங்களின் நெட்டாங்கு இடைவெளியைக் கணித்தனர். பிற்காலத்தில் இதே அல்பிரூனி, கஸ்னி நகரிலிருந்து மக்கா எத்திசையில் உள்ளது என்பதைத் துணிவதற்காக ஊர்களின் அகலாங்கு நெட்டாங்குகளை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். பெரியநீலாவணைக் கரையிலிருந்து கணித்தால் மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே சாய்ந்திருக்கின்றது. அருகிலுள்ள பள்ளிவாசல்களின் கிப்லாத் திசைக்குள்ளே கோளத் திரிகோணகணிதம் உறைந்து கிடக்கின்றது என்பதைக் கணித ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

கடலிலே செல்லும் கப்பல் கிரகணத்துக்காகக் காத்திருக்க முடியாது. 1707ஆம் ஆண்டிலே பிரித்தானியப் போர்க் கப்பல்கள் நான்கு, தாம் இருக்குமிடம் அறியாமல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714இல் அந்நாட்டுப் பாராளுமன்றம், கடலில் நெட்டாங்கு காணும் வழியைச் சொல்பவருக்கு 20,000 பவுண் வரை பரிசளிப்பதாகச் சட்டம் இயற்றிற்று. மாண்டவர்மீது கொண்ட இரக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்வது பேதைமை. மிளகும் துணியும் சர்க்கரையும் அடிமைகளும் கப்பலேறிய காலம் அது. வழி தவறிய ஒவ்வொரு கப்பலும் வணிகர்க்கு நட்டம்.

அந்தப் புதிருக்கு விடை கண்டவர்களில் தலையானவர் ஒரு தச்சர். தந்தையிடம் தச்சுத் தொழில் பயின்ற ஜோன் ஹரிசன், கப்பலின் ஆட்டத்திலும் வெப்பதட்ப மாற்றத்திலும் பிசகாமல் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்ய வாழ்நாளையே செலவிட்டார். 1761இல் யமேக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அவருடைய நான்காவது கடிகாரம் ஏற்றப்பட்டது. 81 நாள்களின் முடிவிலே அது 5 வினாடியே பிந்தியிருந்தது என்று கணித்தனர். எனினும் சந்திரனின் இடத்தைக்கொண்டு நெட்டாங்கு காணும் முறையையே பெரிதென மதித்த வானியலாளர் சபை, அவரை மேலும் மேலும் சோதித்தது. மன்னர் தலையிட்ட பின்னர், 1773இல், தமது எண்பதாவது வயதிலேதான் பாராளுமன்றத்திடமிருந்து எஞ்சிய பணத்தின் பெரும்பகுதியை அவர் பெற முடிந்தது. உழைப்பாளியின் கையிலே பிறந்த அறிவை ஏட்டறிவாளர் ஏற்றுக்கொள்ளத் தயங்கிய வரலாறு இது ஒன்று மட்டுமா?

நெட்டாங்கை அளக்கும் வழி கிடைத்தது. ஆனால் எங்கிருந்து அளப்பது? அகலாங்குக்கு இயற்கை ஒரு பூச்சியத்தைத் தந்திருக்கின்றது, நெட்டாங்குக்குத் தரவில்லை. அதனை மனிதரே வைத்துக்கொள்ள வேண்டும். யார் வைப்பது என்ற கேள்வி அங்கே எழுகின்றது. தொலமி தாம் அறிந்த உலகின் மேற்கு அந்தமான அத்திலாந்திக்குத் தீவுகளிலே பூச்சியத்தை வைத்தார். 499ஆம் ஆண்டளவில் நூல் செய்த ஆரியபடரும், சூரிய சித்தாந்தத்தாரும் உச்சயினியின் வழியாகத் தெற்கே இறங்கி, மத்தியகோட்டிலே ‘லங்கை’ என்ற இடத்தைத் தொடும் கோட்டைப் பூச்சியமாகக் கொண்டனர். உச்சயினி அராபிய நூல்களிலே ‘அரின்’ எனத் திரிந்து, உலகின் குவிமாடம் என்று ஐரோப்பா வரை பேசப்பட்டது.

இதைக் கேட்டதும், உலகின் பூச்சியம் ஒரு காலத்தில் நம் நாட்டில் இருந்தது என்று மார்தட்டத் தோன்றும். சற்றுப் பொறுக்க வேண்டும். அந்த ‘லங்கை’ கணிதத்துக்காகக் கற்பிக்கப்பட்ட ஓர் இடம். உச்சயினியின் கோடு மத்தியகோட்டைச் சந்திப்பது நமது தீவுக்குத் தென்மேற்கே, நடுக்கடலிலே. நமது தீவோ மத்தியகோட்டுக்கு 5 பாகைக்கும் மேல் வடக்கே தொடங்குகின்றது. பழம்பெருமை பேசுவதற்கு இதில் இடமில்லை. பூச்சியம் என்பது வானத்திலிருந்து இறங்கியதன்று, அறிவும் வாணிபமும் செழித்த இடத்தில் அவ்வக்காலத்து மனிதர் நட்ட கல்லே அது என்ற பாடத்துக்கு மட்டுமே இடமுண்டு.

அந்தக் கல் 1884 ஒக்டோபரிலே இலண்டனுக்கு அருகிலுள்ள கிறீன்விச்சில் ஊன்றப்பட்டது. வாஷிங்டனில் கூடிய மகாநாட்டில் 25 நாடுகள் கலந்துகொண்டன. 22 நாடுகள் கிறீன்விச்சை ஆதரித்தன, ஒன்று எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. உலகக் கப்பற் பாரத்தில் ஏறக்குறைய 72 வீதம் ஏற்கெனவே கிறீன்விச் வரைபடங்களையே பயன்படுத்தியது என்பது சொல்லப்பட்ட காரணம். அது உண்மையே. அத்தனை கப்பலும் வரைபடமும் ஒரு நாட்டைச் சார்ந்து நின்றதற்கு என்ன காரணம் என்பது அங்கே கேட்கப்படாத கேள்வி. பிரித்தானியக் குழுவிலே இந்தியாவுக்காக அமர்ந்தவரும் ஓர் ஆங்கிலத் தளபதியே. இலங்கைக்கு அங்கே நாற்காலி இல்லை. பிரான்சோ 1911 வரை பணிய மறுத்தது. பணிந்தபோதும் சட்டத்திலே கிறீன்விச் என்ற பெயரைச் சொல்லாமல், பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 வினாடி பிந்திய நேரம் என்று எழுதித் தன் மானத்தைக் காத்துக்கொண்டது!

நமது பக்கத்திலே இந்த அளவைகள் எவ்வாறு வந்தன? கிழக்கிந்தியக் கம்பனி 1792இல் சென்னையில் வானிலையம் ஒன்றைக் கட்டியது. திப்பு சுல்தான் வீழ்ந்து மூன்றாண்டுகளுக்குள், 1802 ஏப்பிரலிலே, வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கருகே ஏறக்குறைய 7½ மைல் நீளமான அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சென்னையின் நெட்டாங்கே துணைக்கண்டத்தின் படத்துக்கு ஆதாரமாயிற்று. அந்த அளவையின் நுட்பத்தை இன்றும் வியக்கலாம். ஆனால் கைப்பற்றிய நிலத்தை அளந்து வரியிடவும் படை நடத்தவுமே படம் வேண்டப்பட்டது. சங்கிலி இழுத்தவர்களும், கொடி பிடித்துக் குன்றேறியவர்களும், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களும் அந்தப் படத்திலே பெயரில்லாதவர்கள்.

நேரமும் அவ்வழியே வந்தது. புகையிரதம் வருமுன் ஊருக்கு ஊர் அதனதன் சூரிய நேரமே வழங்கிற்று; அதனால் எவருக்கும் இடையூறில்லை. கொழும்பிலிருந்து 1864இல் புகையிரதம் ஓடத் தொடங்கியது. தந்திக் கம்பி ஊர்களை இணைத்தது. தேயிலை குறித்த நாளில் துறைமுகத்தை அடையவேண்டியிருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலே விடியுமுன் தப்பு ஒலித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. நேரம் கூலியின் அளவுகோலாயிற்று. 1906 ஜனவரி முதலாந் தேதி, கிறீன்விச்சுக்கு 5½ மணி முந்திய நேரம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக்கப்பட்டது. அதுவரை 5 மணி 19½ நிமிடமளவில் முந்தியிருந்த கொழும்பின் மணிக்கூடுகள் ஏறக்குறைய 10½ நிமிடம் முன்தள்ளப்பட்டன. பம்பாயிலே ஆலைத் தொழிலாளர் இம்மாற்றத்தை எதிர்த்தனர். அந்நகரின் பழைய நேரம் 1955 வரை மறையவில்லை.

பெரியநீலாவணையின் சூரிய நேரம் கிறீன்விச்சுக்கு 5 மணி 27 நிமிடம் முந்தியது. ஆகவே 1906இன் மாற்றத்தால் இவ்வூர் அடைந்த வேறுபாடு 3 நிமிடத்துக்கும் குறைவே. கடல்மேல் ஓடும் கோடு தலைநகருக்கு எட்டியிருந்து, கிழக்குக் கரைக்கு அண்மையில் அமைந்தது ஒரு தற்செயல். ஆயினும் அந்த அண்மையினால் கரை மக்கள் பெற்ற நன்மை யாது? 1928இல் புகையிரதம் மட்டக்களப்பு வரை வந்தது. கல்முனையை அது இன்றும் அடையவில்லை. புகையிரதத்தின் நேரம் மட்டும் வந்து சேர்ந்தது.

மணிக்கூட்டின் முள் அதன் பின்னரும் அசைக்கப்பட்டது. 1942இல் யுத்தத்துக்காக முதலில் அரை மணியும் பின்னர் இன்னோர் அரை மணியும் முன்தள்ளினர். 1945இல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தனர். 1996இல் மழை பொய்த்து நீர்மின் குறைந்தபோது, மே மாதம் ஒரு மணி முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தனர். அந்த இடைமாதங்களில் பெரியநீலாவணையில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணிக்கூடு பகல் ஒரு மணியளவைக் காட்டிற்று. எஞ்சிய அரை மணி மாற்றம் பத்தாண்டு நீடித்தது. ஜனவரி மாதக் கொழும்பில் சூரியன் ஏழு மணிக்கே எழுந்தது. ஏழரை மணிப் பாடசாலைக்கு நெடுந்தூரம் நடக்கவேண்டிய பிள்ளை இருளிலே புறப்பட்டது. மோட்டார் வண்டியில் செல்லும் பிள்ளைக்கு அந்த இருள் தெரிந்திராது. விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஒரு சிறு தீவிலே, காவலரணைக் கடந்தால் மணிக்கூட்டைத் திருத்தவேண்டிய விந்தை நிகழ்ந்தது. 2006 ஏப்பிரலில் மீண்டும் 5½ மணிக்கே திரும்பினர்.

இவ்வளவையும் கூறியது, அளவைகள் யாவும் அந்நியன் சூழ்ச்சி, அவற்றை எறிந்துவிட வேண்டும் என்று சொல்வதற்காகவன்று. பொது நேரமும் பொதுப் பூச்சியமும் மனிதகுலம் அடைந்த பெரும் பேறுகள். அவற்றின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்பதே கேள்வி. இதனைப் பெரியநீலாவணைக் கரை அறிந்த அளவுக்கு வேறெவரும் அறிந்திருக்க முடியாது.

2004 டிசெம்பர் 26ஆம் நாள். அன்றைய இலங்கை மணிக்கூட்டில் காலை 6 மணி 59 நிமிடம். வடக்கு அகலாங்கு 3.3 பாகை, கிழக்கு நெட்டாங்கு ஏறக்குறைய 96 பாகையில், சுமாத்திராவுக்கு அருகே கடலடி வெடித்தது. இடமும் கணமும் உலகின் பூகம்ப நிலையங்களிலே உடனுக்குடன் பதிவாயின. பதினைந்தே நிமிடத்தில் ஹவாயிலுள்ள நிலையம் பசிபிக் நாடுகளுக்கு அறிக்கை அனுப்பிற்று. பசிபிக்கில் அபாயம் இல்லை என்றது. இந்து சமுத்திரக் கரைகளுக்கோ அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. அலை ஏறக்குறைய 1,600 கிலோமீற்றரைக் கடந்து நமது கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. பெரியநீலாவணையிலும், மருதமுனையிலும், கல்முனையிலும் அந்த இரண்டு மணி நேரமும் மற்றொரு ஞாயிற்றுக்கிழமைக் காலையாகவே கழிந்தது. இலங்கையிலே 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர்.

அலையைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் கரையிலிருந்து உள்ளே ஒரு மைல் நடப்பதற்கு இரண்டு மணி நேரம் வேண்டுமா? அகலாங்கு தெரிந்திருந்தது, நெட்டாங்கு தெரிந்திருந்தது, வினாடி தெரிந்திருந்தது. ஹரிசன் காலத்திலிருந்து கப்பல்களையும் சரக்குகளையும் காக்க வளர்த்தெடுக்கப்பட்ட அந்த அறிவு, மீனவர் குடிசைக்கு வந்து சேர ஒரு வழி அமைக்கப்படவில்லை. அறிவு இருந்தது, அது பங்கிடப்படவில்லை. பேரழிவுக்குப் பின்னரே இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பு உருவாகி, 2011இல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் பொறுப்பேற்றன. அந்தச் செய்தி இறுதி மைலைக் கடந்து கரை மக்களின் காதில் விழுவது, அவர்கள் அதைப் புரிந்துகொள்வதைப் பொறுத்தது. அங்கேதான் ஆசிரியரின் கடமை தொடங்குகின்றது.

ஏப்பிரல் 8, 9 ஆகிய நாள்களிலே சூரியன் பெரியநீலாவணையின் நேர் உச்சிக்கு வருகின்றது. கடற்கரை மணலிலே ஒரு கோலை நேராக நட்டுவைத்து, மாணவர்களைச் சுற்றி நிற்கச் சொல்லுங்கள். 12 மணி 4, 5 நிமிடமளவிலே கோலின் நிழல் மறையும். நிழல் மறைவதிலிருந்து அகலாங்கைச் சொல்லிக்கொடுங்கள். மணிக்கூடு 12ஐக் கடந்த பின்னரே அது மறைவதற்குக் காரணம் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது கிழக்கே கடலைச் சுட்டிக்காட்டி, அங்கே ஓடும் கோட்டின் கதையைச் சொல்லுங்கள். அதற்கும் அப்பால், அதே கடலில், 96ஆவது பாகையிலே நிகழ்ந்ததையும் சொல்லுங்கள்.